கெசையா போய்ப் பார்த்த நிலம்

டாகெட் குடும்பத்தார் ஆண்டுக்கு ஒரு முறை, கென்டக்கியில் மெதடிஸ்ட் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் கூடிப் பொரித்த கோழி தின்பார்கள். தின்று முடித்ததும் ட்வைட் டாகெட் முக்கோணத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்திருப்பார். கேப்டன் ஒபதியா டாகெட் வர்ஜீனியாவிலிருந்து மலை தாண்டி மேற்கே வந்து இந்த மண்ணைக் கண்டுபிடித்த கதையைச் சொல்வார். முப்பது வருஷமாக அதே கதை. கேப்டனின் குதிரை மட்டும் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே வந்தது.

இந்த ஆண்டு கேப்டனுக்கு நினைவுக் கல் வைக்கப் போகிறார்கள். கல்லறைக் கல் வியாபாரம் செய்யும் ரானி என்ற உறவுக்காரர் எழுத்தெல்லாம் செதுக்கிக் கொண்டுவந்து ட்வைட்டின் கொட்டிலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். 'கேப்டன் ஒபதியா டாகெட். வழி கண்டவர்.' சனிக்கிழமை திறப்பு. கேப்டன் வர்ஜீனியா நிலத்தை விற்ற பத்திரத்தின் நகல் ஒன்றைக் கண்ணாடி போட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் விழா பூர்த்தி. அதை எடுத்துவரத் தன் தங்கை மகள் லோர்னாவை அனுப்பினார் ட்வைட்.

லோர்னாவுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை. டாக்டரின் கையெழுத்தைப் படித்துப் பழகியவளுக்கு இருநூறு வருஷத்துக்கு முந்தைய குமாஸ்தாவின் எழுத்து அச்சடித்ததுபோல இருந்தது. வர்ஜீனியா கோர்ட்டின் பத்திர அறையில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினாள். டாகெட்டுகள் கடலோரத்தில் இறங்கியது, புகையிலை போட்டு மண்ணைச் சக்கையாக்கியது, விற்றுவிட்டு மேற்கே நகர்ந்தது, அங்கேயும் புகையிலை போட்டு மண்ணைச் சக்கையாக்கியது எல்லாம் வரிசையாகக் கிடைத்தது. நாலெல்லையில் ஒன்று ஓக் மரம், ஒன்று ஓடை, ஒன்று இன்னொரு ஓக் மரம், இன்னொன்று எப்போதும் சண்டைக்காரப் பக்கத்து வீட்டுக்காரன். குடும்பம் மாறவேயில்லை என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பிறகுதான் வில்லங்கம் வந்தது.

அந்தக் காலத்தில் புருஷன் செத்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்டாட்டிக்குச் சேரும். அவள் விட்டுக்கொடுத்தால்தான் வாங்குகிறவனுக்கு நிம்மதி. அதையும் புருஷன் முன்னால் கேட்கக் கூடாது. அவள் கோர்ட்டுக்கு வர முடியாவிட்டால் இரண்டு நீதிபதிகள் குதிரையேறி வீட்டுக்கே போய், புருஷனை வெளியே நிற்கவைத்து, அவளிடம் தனியாகக் கேட்டு எழுதிவருவார்கள். 1784 வசந்தத்தில் கேப்டன் ஒபதியா டாகெட் ஒரு துண்டு நிலம் விற்றிருந்தார். மனைவி லூசி சம்மதித்தாள். அடுத்த பக்கத்தில் அதே வாரம் ஒபதியா டாகெட் வேறொரு நிலம் விற்றிருந்தார். மனைவி பெயர் கெசையா.

டாகெட் வீட்டுப் பழைய பைபிளில் எழுதியிருந்த மூதாதைப் பாட்டியின் பெயர் கெசையாதான். லூசி செத்த பிறகு கேப்டன் கெசையாவைக் கட்டிக்கொண்டார் என்பது ட்வைட் மாமாவின் கணக்கு. ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு பெண்களும் உயிரோடு இருந்து நீதிபதிகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். கேப்டன் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். கெசையாவின் ஒபதியா போட்டது கைநாட்டு, நசுங்கின தவளை மாதிரி ஒரு குறி. கேப்டனின் உயிலையும் தேடி எடுத்தாள். அவர் எந்த மலையையும் தாண்டவில்லை. அதே ஊரில், தன் கட்டிலில், லூசி பக்கத்திலிருக்கச் செத்துப்போயிருந்தார்.

லோர்னா பத்திரப் புத்தகத்தை மூடிவைத்தாள். அப்பா இல்லாத அவளைக் கல்யாணத்தன்று கைபிடித்து நடத்திப்போனவர் மாமா. அன்றைக்கும் அந்தத் தொப்பியோடுதான். அந்தத் தலையிலிருந்து அதை எப்படிக் கழற்றுவது? பேசாமல் கேப்டனின் பத்திரத்தையே நகல் எடுத்துக்கொண்டு போய்விடலாம். கல் செதுக்கியாயிற்று, கோழி சொல்லியாயிற்று, யாருக்குத் தெரியப் போகிறது?

மறுபடியும் புத்தகத்தைத் திறந்தாள். கெசையாவிடம் போன நீதிபதிகள் எழுதியதை அவள் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை.

லோர்னா கென்டக்கி திரும்பியபோது ட்வைட் கொட்டிலில் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஓப்பல் அத்தை கொட்டில் வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா கண்ணு. கேப்டன் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு மாமா. நம்ம ஆளுதான் இல்ல."

துணி நின்றது. லோர்னா எல்லாவற்றையும் சொன்னாள்.

"அதெல்லாம் குமாஸ்தா தப்பா எழுதியிருப்பான்."

"மாமா, ஒண்ணு, ஒபதியா ரெண்டு பேரா இருக்கணும். இல்லன்னா கேப்டனுக்கு ஒரே சமயத்துல ரெண்டு பொண்டாட்டி. எதை வேணும்னாலும் கல்லுல போடுங்க."

"ரெண்டு பொண்டாட்டியவே சமாளிச்சிருந்தா அதுவும் வீரம்தான்" என்றாள் ஓப்பல், பீன்ஸிலிருந்து தலையை எடுக்காமல்.

ட்வைட் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். சரியாகக் 'கேப்டன்' என்ற சொல்லின் மேல். முகம் சுருங்கிப்போய், தொப்பியில்லாத தலை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. "அப்போ நம்ம ஆளு யாரு? கைநாட்டா?"

"கைநாட்டுதான். கொஞ்சம் ஏமாளியும்கூட. பார்க்காமலேயே இங்க ஒரு நிலத்தைப் பேசி முடிச்சிருக்காரு. ஆனா மாமா, இதைப் படிங்க."

அவள் நீட்டியது 1784-இன் நகல். ட்வைட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். கெசையாவைத் தனியே அழைத்துக் கேட்டதில், மேற்கேயுள்ள அந்த நிலத்தைத் தான் இன்னும் பார்க்கவில்லை என்றும், பார்க்காத நிலத்துக்காகப் பார்த்த நிலத்தை விட முடியாது என்றும் அவள் சொன்னாள். புருஷன் வற்புறுத்துகிறானா என்று கேட்டதற்கு, அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது என்றாள்.

"இதை எழுதியே வெச்சிருக்கானா?"

"எழுதி, கீழ ரெண்டு நீதிபதியும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அடுத்ததைப் பாருங்க."

இரண்டாம் தாள் 1786. கெசையா தன் அண்ணனோடு மலைக்கணவாய் வழியாகப் போய் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். புருஷன் பேசிய நிலத்துக்கு ஏற்கெனவே மூன்று பேர் சொந்தக்காரர்கள் என்று கண்டாள். அதை வேண்டாம் என்று தள்ளி, ஊற்றுத் தண்ணீர் உள்ள வேறொரு நிலத்துக்கு வில்லங்கம் பார்த்து, பேசி முடித்துவிட்டு வந்தாள். இப்போது வர்ஜீனியா நிலத்தை விட்டுக் கையெழுத்துப் போடச் சம்மதம் என்றாள்.

அந்த நாளில் கென்டக்கி நிலமெல்லாம் கூரை ஓடு மாதிரி. ஒருவன் பட்டாவின் மேல் இன்னொருவன் பட்டா. அங்கே காலங்காலமாக வேட்டையாடிக்கொண்டிருந்த பழங்குடிகளைத் தனியே அழைத்துச் சம்மதமா என்று கேட்க எந்த நீதிபதியும் குதிரை ஏறவில்லை. வந்து குடியேறியவர்களில் பாதிப் பேரும் கோர்ட்டில் தோற்று, வண்டி கட்டி இன்னும் மேற்கே போனார்கள். கெசையாவின் நிலத்தின் மேல் மட்டும் ஒரு வழக்கும் இல்லை. ஊற்று இன்றைக்கும் கோயில் கொட்டகைக்குப் பின்னால் ஓடுகிறது. முப்பது வருஷமாக அதில்தான் டாகெட்டுகள் தர்பூசணியைக் குளிரவைக்கிறார்கள்.

ட்வைட் தாளை மடக்கவில்லை. இன்னொரு தரம் வாசித்துவிட்டுக் கேட்டார்: "என்ன குதிரையில போனா?"

"எழுதல மாமா."

"எழுதலைன்னா சின்னக் குதிரைதான். நம்மகிட்ட ஏது பெரிசு." எழுந்து நின்று கல்லைச் சுற்றி நடந்தார். "ரானிக்குப் போன் போடு. இதுக்குப் பின்பக்கமும் வழவழன்னுதானே இருக்கு?"

சனிக்கிழமை கோழி தீர்ந்ததும் ட்வைட் எழுந்தார். தொப்பி இருந்தது; தலையில் இல்லை, கையில்.

"முப்பது வருஷமா உங்களுக்கு ஒரு கதை சொன்னேன். நல்ல கதை. ஆனா அது அந்த ஊர்ல இருந்த இன்னொரு ஆளோட கதை. அவர் நல்ல மனுஷன், நமக்கு ஒண்ணும் உறவு இல்ல. தொப்பியும் அவரோடதுதான்." தொப்பியைத் தர்பூசணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

பின்வரிசையிலிருந்து யாரோ, "அப்போ நாங்க கைதட்டினதெல்லாம்?" என்று கேட்டார்கள்.

"அண்டை வீட்டுக்கு மரியாதைன்னு வெச்சுக்கோ."

கல்லை மூடியிருந்த படுக்கை விரிப்பை இழுத்தார். கேப்டன் மறுபக்கத்தில் முள்வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம், ரானி ராத்திரி கண்விழித்துச் செதுக்கியது: 'கெசையா டாகெட். போய்ப் பார்த்தாள்.' அதன் கீழே நசுங்கின தவளை ஒன்று. அது ஒபதியாவுக்காக, லோர்னாவின் வேண்டுகோள். ட்வைட் இரண்டு தாள்களையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நிதானமாக வாசித்தார். கதை புதுசு என்பதாலோ என்னவோ, குழந்தைகள்கூட எழுந்து போகவில்லை.

கூட்டம் கலையும்போது ட்வைட் சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மனைவி முன்னால் வைத்தார். வீட்டை விற்றுவிட்டு ஃபுளோரிடாவில் வாங்கப்போகிற மனைக்கான பத்திரம். விழா முடியட்டும் என்று ஓப்பல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. மனையின் படம் பல மாதமாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஒரு பனைமரமும் நிறைய வானமும்.

"விழா முடிஞ்சிடுச்சு ஓப்பல். இங்கதான், இந்தக் கோட்டுல."

ஓப்பல் பேனாவை எடுத்து மூடிபோட்டுத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கார் சாவியைக் கொடுங்க. லோர்னா, ஃபுளோரிடா தூரம், ரெண்டு நாள் லீவு போடுவியா?"

ட்வைட் கல்லைப் பார்த்தார். பிறகு பாக்கெட்டில் கைவிட்டுச் சாவியைத் தேடத் தொடங்கினார்.