ஹூபன்தாலுக்குப் போன இருமல்

1984 மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு கிளினிக்கின் காத்திருப்பு அறையில், மன்னாரைச் சேர்ந்த இம்மாகுலேற்றின் இருமல் மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு மாறியது. எக்கார்ட் ஹூபன்தால் என்ற அவர், இங்கிலாந்தில் ஏழைகளுக்கு எப்படி வைத்தியம் பார்க்கிறார்கள் என்று அறிய வந்த குழுவில் கடைசி ஆள். படம் பிடிப்பவர் தயாரானதும், வரிசையில் அதிகமாக இருமிய இம்மாகுலேற்றின் கையைப் பற்றி, "உங்கள் நோய் இனி என் நோய்" என்றார். டோர்ட்முண்ட் அகதி முகாமில் இரண்டு வருடம் இருந்து ஜெர்மன் பழகிய கணவர் கஸ்பர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் ஹூபன்தால் இருமத் தொடங்கிவிட்டார். இம்மாகுலேற் பதினொரு வருடங்களுக்குப் பிறகு முழு மூச்சு இழுத்தார். டொக்டர் அவருடைய அட்டையில் 'மாற்றலாகிவிட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதுவரை ஹூபன்தால் பேச எழுந்தால் சபை கோப்பி குடிக்கப் போய்விடும். இப்போது மருந்து விலை பற்றிய பேச்சின் நடுவே அவர் இருமினார். ஏழை நெஞ்சிலிருந்து வந்த அசல் இருமல், சபை அடங்கிப்போயிற்று. 1987இல் சுகாதாரக் குழுவின் தலைவரானார். 1990 தேர்தல் சுவரொட்டிகளில் கைக்குட்டையோடு நின்று வென்றார். கஸ்பர் அவருடைய படத்தை இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, "எங்கட இருமலிலதான் மனுசன் ஏறினவர்" என்று கோயில் வாசலில் சொல்லித் திரிந்தார்.

"அப்ப என்ர மூட்டுவலிக்கும் ஒரு மந்திரியைப் பார்த்துத் தாவன், தம்பி" என்றார் பிலோமினம்மா.

அவருக்கு மனத்தாங்கல் இருந்தது. ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் பெரிய வெள்ளி ஒப்பாரியை 1984 வரை கோயிலில் முன்னின்று பாடியவர் அவர்தான். ஒவ்வொரு கண்ணியையும் ஒரே மூச்சில் பாட வேண்டும். இம்மாகுலேற் சிறுவயதிலிருந்து ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். 1985இல் அது அவருக்குக் கிடைத்தது. அவர் பாடுவதைக் கேட்கச் செவன் கிங்ஸிலிருந்தும் சனம் பஸ் பிடித்து வந்தது.

1993இல் ஹூபன்தால் ஒரு மாநிலத்தின் சுகாதார அமைச்சரானார். இருமல் மருந்தின் பாதி விலையை நோயாளியே கட்ட வேண்டும் என்பது அவருடைய முதல் சட்டம். அப்படியானால் அமைச்சரே இருமிக்கொண்டிருப்பது அழகில்லை என்று ஆலோசகர்கள் சொன்னார்கள். பெரிய வெள்ளி வருகிற பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை பத்திரிகையாளர்கள் லண்டன் பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, "யாருடைய நோயையும் நான் சுமக்கவில்லை, அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது" என்றார். இருமல் அந்த இடத்திலேயே அவரை விட்டது. பின்னேரம் கிரீன் ஸ்ட்ரீட் மீன்கடையில் இம்மாகுலேற்றிடம் வந்து சேர்ந்தது. ஒன்பது வருடம் சபையில் வளர்ந்த இருமல்: மூன்று தரம் இருமி, கைதட்டலுக்கு இடம்விட்டு, மறுபடி மூன்று தரம் இருமும்.

கஸ்பர் அமைச்சுக்கு ஃபோன் எடுத்தார். வெளிநாட்டு நோய்கள் தங்கள் பிரிவில் இல்லை என்றார்கள்.

"ஆள் பிஸியாக்கும். மறந்திருப்பார்" என்றார் மனைவியிடம்.

"மறந்தவர் மறந்துபோனன் எண்டு சொல்லுவார். இவர் தெரியாது எண்டவர்."

கஸ்பர் ஹூபன்தாலின் படத்தைக் கழற்றினார்.

வெள்ளிக்கிழமை பிலோமினம்மா முன்வரிசைக்கு வந்து, "நீ இரு பிள்ளை, இந்தமுறை நான் பிடிக்கிறன்" என்றார்.

"ஏலாது அக்கா. நான்தான் பாடுறன்."

பாடினார். 'அந்த மனிதரை நான் அறியேன்' என்று சீடர் இராயப்பர் ஆண்டவரை மறுதலிக்கும் கண்ணிவரை மூச்சு தாங்கியது. அங்கே இருமல் வந்தது, மூன்று தரம். பிறகு வழக்கமான இடைவெளி. கோயிலில் ஒருவரும் கை தட்டவில்லை. பிலோமினம்மா மட்டும் கனைத்துக்கொண்டு மூன்று தரம் இருமினார். பின்னால் இருந்த சனமெல்லாம் இருமியது. அதற்குப் பிறகு இம்மாகுலேற் மீதிக் கண்ணிகளையும் பாடி முடித்தார்.

இப்போது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அந்தக் கண்ணியை அப்படியே ராகத்தோடு சொல்லிக்கொடுக்கிறார்கள்: மூன்று இருமல், ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. கோயிலின் ஐரிஷ் பாதிரியார் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு அது முடியும்வரை காத்து நிற்பார்.