திரைக்குப் பின்னால் சாகாத தங்கை

2007ஆம் வருஷத் திருவிழாப் படத்தில், தூக்குமாட்டிச் சாகவேண்டிய தங்கை திரையின் முன்பக்கம் செத்தாள், பின்பக்கம் சாகவில்லை. மண்டைக்காட்டுக்கு மேற்கே உள்ள அந்தக் கடற்கரை ஊரில் திரைத்துணியை மணலில் இரண்டு கம்புக்கு நடுவே கட்டுவார்கள். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். பெண்களுக்கு எழுத்தெல்லாம் இடம்வலம் மாறித் தெரியும், கதாநாயகன் இடக்கையால் அடிப்பான். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அந்த வருஷம் பின்பக்கம் ஷெர்லி இருந்தாள். மீன் விற்கும் லீமாவின் மகள், அந்தத் தெருவின் முதல் பி.ஏ. ஐந்து மாதம் முன்பு படகு முதலாளி மகன் ஜஸ்டஸ் வலைக் கொட்டகையில் வைத்து அவளைக் கெடுத்துவிட்டான் என்று ஊர் சொன்னது. ஷெர்லி ஒன்றும் கெட்டுப்போகவில்லை; அவளைப் பலாத்காரம் செய்தவன் அவன், உடைந்தது அவள் கையெலும்பு. ஊர்க்கமிட்டித் தலைவர் மத்தியாஸ், ஆயிரம் படம் பார்த்த அனுபவத்தில், அவனுக்கே அவளைக் கட்டிவைக்கத் தீர்ப்புச் சொன்னார். லீமாவும் அழுதுகொண்டே தலையாட்டினாள். கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று கேட்டு வேதக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று, தடை சொல்ல ஆளில்லை. மறுநாள் மூன்றாவது ஓலை. அதோடு கல்யாணம் உறுதி.

படம் ஓடியது. முன்பக்கம் காமிரா தங்கையின் கிழிந்த தாவணியைவிட்டு அகலவில்லை. பின்பக்கம் அது தாவணியைக் கிழித்த வில்லன் மூஞ்சியிலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் அவனே கூசிப்போய்ப் பொத்திக்கொண்டான். முன்பக்கம் தங்கை கயிற்றை உத்தரத்தில் கட்டினாள். பின்பக்கம் அதே கயிற்றை வாளியில் கட்டித் தண்ணீர் இறைத்துக் குடித்தாள், போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள், இடக்கையால் புகார் எழுதினாள். அண்ணன்காரன் முன்பக்கம் பதினோரு பேரை வெட்டினான். பின்பக்கம் தீட்டிய அரிவாளுக்கு வேலையில்லாமல் அம்மாவுக்குத் தேங்காய் உடைத்துக் கொடுத்தான். முன்னால் ஆண்கள் மூக்கைச் சிந்த, பின்னால் சிரிப்பும் கைதட்டலுமாக இருக்க, மத்தியாஸ் கோபமாக வந்தார்.

"ஏ பெண்டுவளே, பிள்ள செத்துக் கெடக்கா, சிரிக்கியளா?"

"எங்க செத்தா? இன்னா, புட்டும் பயறும் தின்னிட்டு இருக்காளே" என்றாள் லீமா. "நீரும் இரியும் அண்ணே."

மத்தியாஸ் முன்னாலும் பின்னாலும் மூன்று தடவை நடந்து பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். லீமா மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, நாளைக்கி நாந் தடை சொல்லட்டா?"

"நீ சொல்லாண்டாம் அம்மா. நாஞ் சொல்லுவேன்."

காலையில் ஓலை வாசித்து, தடை உண்டா என்று சாமியார் வழக்கம்போலக் கேட்டார். மணப்பெண்ணே எழுந்ததில் அவருக்குக் கண்ணாடி நழுவியது.

"அவனுக்குப் பொண்ணு வேண்டாம் சாமி. வக்கீல் தேடச் சொல்லுங்க."

பெண்கள் பக்கம் முழுக்க எழுந்தது. பூசை முடிந்ததென்று நினைத்து வெளியே சிங்காரி மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஷெர்லி மேளத்தோடு ஸ்டேஷனுக்குப் போனாள். சாட்சி சொல்ல மத்தியாஸும் பின்னால் நடந்தார்.

ஜஸ்டஸுக்கு 2011இல் ஏழு வருஷம் தீர்ப்பானது. ஷெர்லி கோட்டாறில் டீச்சரானாள், பிடித்தவனைக் கட்டினாள். அதன்பிறகு எந்தப் படம் போட்டாலும் பின்பக்கம் அப்படித்தான் ஓடியது. ஆண்களும் ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். முன்பக்கத் தங்கை வருஷாவருஷம் செத்துக்கொண்டுதான் இருந்தாள், பார்க்க ஆளில்லை. 2013இல் காலியாகக் கிடந்த அந்த முன்பக்க இடத்தை ராட்டினத்துக்கு விட்டார்கள்.