தலையாட்டுகிறவன்

வாடகைக்குக் கொண்டுவந்த வீடியோ டெக்குக்குள் கசெட்டைத் தள்ளிவிட்டு, கடைக்காரப் பெடியன் ஜெமீல் தலையைச் சொறிந்தான். "கனடாக் கசெட் மாமி. எங்கட டெக்கில கலர் வராது."

கலருக்கு இப்ப என்ன அவசரம், போடு என்றேன். ரொறொன்ரோவில் இருக்கிற எங்கள் தம்பி சோமசேகரம், பேஸ்போல் என்ற விளையாட்டின் கடைசிப் போட்டிக்குப் போனானாம். சனத்துக்குள் இருந்த அவனையும் ரிவியில் காட்டினார்களாம். பெருமை பீத்த அதைப் பதிந்து அனுப்பியிருந்தான். நான் அவனைத் தேடிக்கொண்டிருந்தேன். கனகம்மா அக்கா வேறெதையோ பார்த்தா.

மட்டையோடு நிற்கிறவனுக்குப் பின்னால், கம்பி முகமூடி போட்ட ஒருவன் குந்தியிருந்தான். தொடைகளுக்கு நடுவில் கள்ளமாய் விரல்களைக் காட்டினான். எதிரே பந்தோடு நின்றவன் அதை உற்றுப் பார்த்து, மெல்லத் தலையாட்டினான்.

அக்கா என் கையைப் பிடித்தா.

மூன்று வருசத்துக்கு முன் ஆமிக்காரர் செய்த சுற்றிவளைப்பில், பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் பெடியளை வரிசையாய் விட்டார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். அவன் இல்லையென்று ஆட்டினால் வீட்டுக்குப் போகலாம். அக்காவின் ஒரே மகன் யோகலிங்கம் முன்னால் போனபோது சாக்குக்காரன் ஓமென்று ஆட்டினான். அவ்வளவுதான். பிள்ளை இன்றுவரை வரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அவனைச் செத்தவனாய் எண்ணி அந்தியேட்டிக் கிரியை செய்ய நான்தான் ஐயரிடம் நாள் வாங்கியிருந்தேன். எவ்வளவு காலத்துக்கு இந்த மனுசி அவனுக்கென்று சோறு போட்டு மூடிவைக்கிறது? அக்கா ஓமென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கசெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டா. ஒரே ஒரு இடம்தான். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைப் பொத்துவாள், முகமூடிக்காரன் விரல் காட்டுவான், மற்றவன் ஓமென்று ஆட்டுவான்.

"ஒருக்கா அவன் இல்லையெண்டு ஆட்டட்டும், தங்கம்."

"உங்களுக்கென்ன விசரோ அக்கா? பதிஞ்சது மாறுமோ?"

"வெள்ளிக்கு முதல் மாறாட்டி நீ சொன்னபடி செய்யிறன். மாறினா அந்தியேட்டிக் கதையே எடுக்கப்படாது."

நான் சந்தோசமாய்ச் சம்மதித்தேன். பாவி நான், இதுதான் நல்ல சாட்டு என்று நினைத்தேன்.

வியாழன் பின்னேரம் யோகலிங்கத்தின் படத்துக்குப் போட மாலை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். டெக்கைக் கொண்டுபோக ஜெமீலும் வந்திருந்தான். எங்கள் பேச்சொன்றும் அவனுக்குத் தெரியாது.

"கடைசியா ஒருக்காப் பாத்திட்டுத் தாறன் தம்பி," என்றா அக்கா.

பெண் கண்ணைப் பொத்தினாள். விரல்கள் மடங்கின. அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் நேவிக்காரர் வழக்கம்போலத் தண்ணிக்குள் குண்டு போட்டார்கள். யன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது, நான் திரும்பிவிட்டேன்.

"மாட்டன் எண்டு ஆட்டுறானே உவன்!" ஜெமீல் சிரித்தான்.

அக்கா படத்தை நிறுத்தினா. நின்ற படம் நிற்கவில்லை. பந்துக்காரனின் தலை மட்டும் இடமும் வலமுமாய்த் துடித்தது.

"டெக்கில ஊத்தை மாமி. படம் நிண்டா உப்பிடித்தான் ஆடும்," என்றான் ஜெமீல். ஆனால் வயரைக் கழற்றப் போன கையை இழுத்துக்கொண்டான்.

அக்கா குசினிக்குள் போனா. அரிசி கழுவுகிற சத்தம் கேட்டது. மாலை சுற்றிய வாழையிலையிலிருந்து தண்ணி என் முழங்கையால் வடிந்துகொண்டிருந்தது. திரையில் அவன் இல்லை, இல்லை என்று ஆட்டிக்கொண்டேயிருந்தான்.