மஞ்சள் போடாத கோழி

அக்காவின் இடது கை உடைந்தது ஒரு சிட்டிகை மஞ்சள்தூளால். ஆஸ்பத்திரியில் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டாள். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் புருஷன் எங்கேயோ ஆப்கானி சிக்கன் தின்றுவிட்டு வந்து, வீட்டிலும் அதே வேண்டும் என்றானாம். அது வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய கோழி. இவள் கழுவும்போதே கைப்பழக்கத்தில் மஞ்சளைத் தூவித் தொலைத்தாள். முதலில் தட்டு சுவரில் போய் விழுந்தது. பிறகு அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான்.

மாவுக்கட்டோடு என் வீட்டுக்கு வந்தவள் நான்காம் நாள் ஆரம்பித்தாள். "நீதான் ஓட்டல்ல கிரில் போடுறியே, அந்தக் கோழிய எனக்குச் சரியா சொல்லிக்குடு. ஞாயித்துக்கிழமை அவரு கூட்டிட்டுப் போக வர்றாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு வெக்கமே இல்லையாக்கா?"

"தப்பு என் மேலயும் இருக்குல்ல."

அடுத்த முறை உடைவது கழுத்துதான் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் மாட்டேன் என்றாலும் போகத்தான் போகிறாள், சமைக்கத் தெரியாமல் போவாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன்.

ஞாயிறு மதியம் தொடைக்கறியில் எலும்பு தட்டும்வரை கத்தியை இறக்கினேன். ஒவ்வொரு கீறலும் அவன் மூஞ்சியில் விழுவதாக நினைத்துக்கொண்டதில் வேலை சுத்தமாக வந்தது. எலுமிச்சையும் உப்பும் தேய்த்தோம். தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், முந்திரி விழுது, கிரீம், இஞ்சி பூண்டு, வெள்ளை மிளகு. அக்கா ஒற்றைக் கையால் பிசைந்தாள். "அந்த மஞ்சள் டப்பாவ எட்ட வைடி, கை தானா போயிடும்" என்றாள். டப்பாவை மேல்தட்டில் வைத்தேன்.

அவன் கதவைக்கூடத் தட்டவில்லை. செருப்புக்காலோடு நேராகச் சமையலறைக்கு வந்து, பாத்திரத்தில் விரலை விட்டு நக்கினான். "பரவால்லையே! கை போனாத்தான் உனக்குப் புத்தி வருது. அப்படியே எடுத்துக்கிட்டுக் கிளம்பு. வீட்டுல சுட்டுக்கலாம்."

அக்கா அவனைப் பார்த்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். எட்டி அந்த டப்பாவை எடுத்து, பல்லால் மூடியைக் கடித்துத் திறந்து, மொத்த மஞ்சளையும் கோழிமேல் கவிழ்த்தாள்.

அவன் விட்ட அறையில் அவள் தலை அடுப்பு மேடையில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தான், மறுபடி உதைத்தான். கோழி குத்திச் சுட எடுத்து வைத்திருந்த கிரில் கம்பியை நான் அவன் தொடையில் இறக்கினேன். கோழிக்கறியில் இறங்குவதுபோல்தான் இறங்கியது. அலறிக்கொண்டு திரும்பியவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தான். கால் தரையில் இல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. செத்தோம் என்றே நினைத்தேன்.

சடக்கென்று ஒரு சத்தம். அக்கா மாவுக்கட்டுக் கையாலேயே அவன் மூஞ்சியில் போட்டிருந்தாள்.

"விடுடா அவள!"

மறுபடி போட்டாள். மூக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது. மூன்றாவது அடியில் மாவுக்கட்டு பிளந்தது. வலியில் அவளும் கத்தினாள், ஆனால் நிறுத்தவில்லை. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நொண்டி நொண்டிப் படியிறங்கி ஓடினான். படியெல்லாம் ரத்தம். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்க்க எனக்கு ஆசை தீரவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். பிளந்த கட்டைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் வழுக்கி விழுந்தீங்களா?" என்றார்.

அக்கா கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல டாக்டர். முதல் தடவையும் நான் விழல. அப்ப அவன் என் கைய உடைச்சான். இன்னைக்கு நான் அவன் மூக்க உடைச்சேன். ரெண்டையும் எழுதிக்கோங்க."