ஒரு அறைக்கான சூடு

விறகுப் புகை நுரையீரலுக்கு ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னதிலிருந்து ஸ்டோய்னா ஸ்மோலியான் நகரத்தில் மகள் வீட்டில்தான் இருந்தாள். அவள் கணவன் ரங்கெல் ஆடுகளை விட்டு வர முடியாமல் மலைமேல் தனியே கிடந்தான். மின்கம்பி அவ்வளவு உயரம் ஏறியதில்லை.

இரண்டு குளிர்காலம் பொறுத்தான். பிறகு முற்றத்தைத் தோண்டிக் குழாய் புதைக்கவும், கொட்டில் கூரையில் சூரியத் தகடுகள் பதிக்கவும் தெசிஸ்லாவா என்ற பெண்ணைக் கூட்டிவந்தான்.

"உறைஞ்ச மண்ணுல ஏதும்மா சூடு?"

"மக வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கைவச்சுப் பாத்ததில்லையா மாமா? உள்ள இருக்கற சூட்ட உறிஞ்சி வெளிய தள்ளுதில்ல? இந்த ஹீட் பம்பும் அப்படித்தான். ஆழத்துல மண்ணு உறையாது. அங்க இருக்கற கொஞ்சநஞ்ச சூட்டத் திரட்டி உங்க தரைக்கு அடியில விடும். கோடையில திருப்பிவிட்டா வீடு குளுகுளுன்னு இருக்கும்."

ஜனவரியில் ஸ்டோய்னா வந்தாள். வெறுங்காலைத் தரையில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடுப்பு எங்கய்யா?"

"கழட்டிக் கொட்டில்ல போட்டுட்டேன்."

"எங்கம்மா குடுத்த சீருய்யா அது!"

"அதான் ஆடெல்லாம் காவல் இருக்கே."

அவள் சிரித்தாள். இருமல் வரவில்லை. ரங்கெல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளது பெட்டியைத் தூக்கினான்.

பத்து நாளில் மூடுபனி இறங்கியது. தகடுகளில் வெயில் படவில்லை, பேட்டரியில் மின்சாரம் சரிந்தது. "ஒரே அறைக் குழாய மட்டும் திறந்து வைங்க, தாக்குப்பிடிக்கும்" என்றாள் தெசிஸ்லாவா போனில். ரங்கெல் ஸ்டோய்னாவின் படுக்கையறையை மட்டும் விட்டுவிட்டு மற்ற குழாய்களை அடைத்தான். "என்மேல ஆட்டு நாத்தம், உனக்கு இருமல் வரும்" என்று சாக்குச் சொல்லி, கம்பளிக் கோட்டோடு சமையலறை பெஞ்சில் படுத்தான்.

காலையில் அவன் நீட்டிய தேநீர்க் கோப்பையை வாங்கும்போது அவன் விரல் அவள் விரலில் பட்டது.

"ஏன்யா, கை ஐஸா இருக்கு?"

"ஆட்டுக்குத் தண்ணி காட்டினேன்."

அவள் எழுந்துபோய்ச் சமையலறைத் தரையில் பாதம் வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இதுக்கா என்னைக் கூப்பிட்ட? நான் சூடா இருக்க, நீ விறைச்சுச் சாகவா? போய்க் கை கால் கழுவிட்டு வா. இந்த ஒரு அறை ரெண்டு பேருக்குத் தாங்கும்."

கை கால் கழுவிவிட்டு வந்து படுத்தான். அவன் கைகளைத் தன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் மூடுபனி கலைந்து வெயில் அடித்தது. குழாய்களையெல்லாம் திறந்துவிட்டு வந்தான் ரங்கெல்.

"சமையலறையும் சூடாயிடுச்சு, புள்ள."

"ஆகட்டுமே," என்றாள் அவள், நகர்ந்து படுத்து இடம் விட்டு.