கட்டைவிரல் காட்டிய எண்

அன்று காலை சாம்பல் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்குர்வோய் தீவு மீன் பண்ணையின் தலைவர் ஹால்வார், அவருடைய அக்கா குன்வோர், மகன் யூஸ்டைன், ஜெர்மனியின் பிரேமன் நகரத்திலிருந்து மீன் வாங்க வந்த ப்ரெண்டல் அம்மையார். மீனை வெட்டித் தட்டில் வைத்த லித்துவேனியக்காரன் விதாஸ், வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். ஆகையால், பின்னால் ஊரில் கிளம்பிய பேச்சுக்கு அவனைச் சாட்சியாக இழுப்பது முறையல்ல.

அந்த அறையில் சுவர், மேசை, கூரை எல்லாம் சாம்பல் நிறம். பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் மீன் சதையின் சிவப்பு கண்ணுக்கு மாறித் தெரியும். அதனால் உள்ளே வருகிறவர்களும் சாம்பல் மேலங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். ஹால்வார் அதைக் கட்டியபோது தீவில் சிரித்தார்கள். வாங்க வந்தவர்கள் சிரிக்கவில்லை. சால்மன் மீனின் விலை அதன் சிவப்பில் இருக்கிறது. வெளிறிய துண்டும் சிவந்த துண்டும் ருசியில் ஒன்றுதான் என்பது வளர்க்கிறவனுக்குத் தெரியும். கடையில் நிற்கிறவர்களின் கை என்னவோ சிவந்த துண்டுக்குத்தான் போகும். கடலில் கூண்டு கட்டி வளர்க்கும் மீனுக்கு அந்தச் சிவப்பு தானாக வராது. தீனியில் நிறமி கலக்க வேண்டும். தீனியிலேயே விலை உயர்ந்த சரக்கு அதுதான்.

எவ்வளவு சிவப்பு என்று சொல்வதற்கு ஒரு விசிறி உண்டு. வெளிறிய சிவப்பில் தொடங்கி அடர்ந்த சிவப்பு வரை பதினைந்து பட்டைகள், ஒவ்வொன்றிலும் இருபது முதல் முப்பத்து நான்கு வரை ஓர் எண். மீன் துண்டின் மேல் விசிறியை வைத்து, எந்தப் பட்டை ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். மற்ற பண்ணைகளில் கூலிக்கு ஆள் வைத்து அதைச் செய்தார்கள். ஸ்குர்வோய் தீவில் மட்டும் வீட்டின் தலைவரே, வாங்குகிறவரின் கண்முன் எண்ணைச் சொல்வார். ஹால்வாரின் தகப்பனார் தொடங்கிய வழக்கம் அது. ஸ்குர்வோய் வீட்டார் சொன்ன எண் என்றால் பிரேமனிலும் பாரீஸிலும் மறுபேச்சு கிடையாது. ஹால்வாருக்குப் பண்ணையைவிட அந்தப் பெயர் பெரிது.

ஆனால் ஹால்வாரின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது.

பிறவியிலேயே அப்படித்தான். சிறு வயதில் குன்றின் சரிவுக்குச் செம்பழம் பறிக்கப் போனால், இலைக்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் வெறும் வாளியோடு நிற்பார். அப்படியே வீட்டுக்குப் போனால் சோம்பேறி என்று அம்மா அடிப்பாள். அக்கா குன்வோர்தான் தன் வாளியிலிருந்து பாதியை அவர் வாளியில் கொட்டி அழைத்து வருவாள். பின்னர் கப்பலில் மாலுமியாகச் சேரப் போனார். விளக்கு நிறம் சொல்லும் சோதனையில் திருப்பி அனுப்பினார்கள். கடல் பயணம் தனக்குப் பிடிக்கவில்லை என்று வீட்டில் சொன்னார். அதை நம்பாதவள் குன்வோர் ஒருத்திதான். கட்டிய மனைவிக்கும் அவர் சொல்லவில்லை, மகனுக்கும் சொல்லவில்லை. தகப்பனாருக்குப் பிறகு விசிறி அவர் கைக்கு வந்தபோது, அக்கா அதை முதலில் வாங்கி விரித்து, சரியான பட்டையின் மேல் கட்டைவிரலை வைத்து அவரிடம் நீட்டினாள். அவர் குனிந்து நெடுநேரம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அந்த விரலுக்குக் கீழே இருந்த எண்ணைச் சொன்னார். அன்றிலிருந்து அப்படியே நடந்துவந்தது. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அன்று ப்ரெண்டல் அம்மையார் உட்காருவதற்குள் குன்வோர் காப்பியும், பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிளும் கொண்டுவந்து வைத்தாள்.

“மொதல்ல காப்பியக் குடிங்க. மீன் எங்கயும் ஓடிடாது. அதுக்கு இப்ப வாலே இல்ல.”

“உங்க காப்பியக் குடிச்சா பிரேமன் போற வரைக்கும் தூக்கம் வராதே, அம்மா.”

“தூங்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

அம்மையார் சிரித்துக்கொண்டே பையிலிருந்து முடிவெட்டும் மெஷின்போல் கைக்கடக்கமான கருவி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

யூஸ்டைன் எட்டிப் பார்த்தான். “என்ன மேடம், எங்க எல்லாருக்கும் முடி வெட்டி விடப் போறீங்களா?”

“நிறத்த அளக்கற மெஷின் தம்பி. மீன் மேல வச்சா விசிறியோட எண்ணையே சொல்லிடும்.” ஹால்வாரின் பக்கம் திரும்பினார். “கோவிச்சுக்காதீங்க சார். எங்க ஆபீஸ்ல எல்லாப் பண்ணையிலயும் வச்சுப் பாக்கச் சொல்றாங்க.”

“பாருங்களேன். அதுக்குக் கண்ணு சரியா இருந்தா நான் சொல்றதத்தான் அதுவும் சொல்லும்” என்றார் ஹால்வார்.

குன்வோர் விசிறியை விரித்து நீட்டினாள். ஹால்வார் குனிந்தார். அவருக்கு எல்லாப் பட்டையும் ஈர மண்ணின் நிறம்தான். கட்டைவிரல் இருபத்தெட்டில் இருந்தது.

“இருபத்தெட்டு.”

கருவியைத் துண்டின் மேல் அழுத்தினார் அம்மையார். இருபத்து நான்கு என்று காட்டியது. அடுத்த மீனுக்கு ஹால்வார் இருபத்தொன்பது சொன்னார். கருவி மறுபடியும் இருபத்து நான்கு சொன்னது. மூன்றாவது மீனும் அப்படியே ஆனதும் அம்மையார் கருவியைக் கீழே வைத்துவிட்டு, ஆறிப்போன காப்பியை ஒரு வாய் குடித்தார்.

“சார், போன பனிக்காலத்துலேருந்து உங்க மீன் மட்டும் கடைல தேங்குது. பக்கத்துத் தட்டுல வேற பண்ணை மீன் இருந்தா ஜனங்க அதத்தான் எடுக்கறாங்க. இது பழைய மீனான்னு கேக்கறாங்க. இல்லம்மா, புதுசுன்னா நம்பறதில்ல. கண்ணால பாத்தப்புறம் எங்க பேச்ச யார் கேக்கறா? நான் ஆபீஸ்ல உங்களுக்காகச் சண்டை போட்டேன். ஸ்குர்வோய் எண் தப்பாகாதுன்னேன்.”

“தப்பாகல.”

“ரெண்டுல ஒண்ணுதான் சார். பாக்கற கண்ணு மங்கியிருக்கணும், இல்ல தீனியில நிறமி கொறஞ்சிருக்கணும். கண்ணுன்னா ஒண்ணும் குத்தமில்ல. வயசானா யாருக்கும் வர்றதுதான். இனிமே மெஷின வச்சுப் பாப்போம், ஒப்பந்தம் அப்படியே நடக்கும். தீனின்னா நான் எதுவும் செய்ய முடியாது. நல்ல நிறம்னு சொல்லிக் காச வாங்கிட்டு ஏமாத்தினதா எடுத்துப்பாங்க.”

இதைவிட எளிதாக ஒருவருக்கு வழிவிட முடியாது. தலையை ஆட்டினால் போதும். ஆனால் கண் மங்கிவிட்டது என்றால் கண் மருத்துவரிடம் போகச் சொல்வார்கள். மருத்துவர் எண்பது வயதுக் கண்ணில் தொடங்கி எட்டு வயதுக் கண்ணில் வந்து நிற்பார். இத்தனை காலமும் எண் சொன்னவர் ஒரு தடவைகூட மீனின் நிறத்தைப் பார்த்ததில்லை என்று பிரேமன் முழுக்கத் தெரிந்துபோகும். ஹால்வார் தலையை ஆட்டவில்லை.

பேசியது குன்வோர்.

“என் கண்ணுதாங்க. கொஞ்ச நாளா எல்லாமே மஞ்சளடிச்சாப்ல இருக்கு. வீட்டுக்கு வெள்ளையடிச்சவன, மஞ்சளடிச்சுட்டியேடான்னு திட்டியனுப்பினேன். பக்கத்துப் பக்கத்துப் பட்டையெல்லாம் ஒண்ணாத் தெரியுது. கொறைச்சுக் காட்டி வீட்டுக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதேன்னு, ஒண்ணு ரெண்டு கூட்டித்தான் வைப்பேன்.”

அம்மையாருக்குப் புரியவில்லை. “உங்க கண்ணா? பாத்துச் சொல்றது சார்தானே?”

குன்வோர் தம்பியைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

“அக்காவுக்கு வயசாச்சு, ஏதோ சொல்றா” என்றார் ஹால்வார். “விசிறிய எடுத்துக் குடுக்கறதோட அவ வேலை முடிஞ்சுது. பாக்கறது நான். என் கண்ணுல ஒரு குறையும் கிடையாது.”

“அப்ப தீனியா சார்?”

“தீனி என் மகன் பொறுப்பு. அவனக் கேளுங்க.”

யூஸ்டைன் வாயில் வைத்திருந்த வாஃபிளை மென்று விழுங்க மறந்து நின்றான். பிறகு சிரிக்கப் பார்த்தான், விளையாட்டு என்று நினைத்ததுபோல.

“அப்பா, நிறம் ஏறிக்கிட்டே போவுது, நிறமியக் கொறைடான்னு போன இலையுதிர் காலத்துல நீங்கதானே சொன்னீங்க? படகுத்துறைல, கயிறு கட்டிக்கிட்டு இருக்கும்போது.”

சொன்னது உண்மை. கட்டைவிரல் இருபத்தொன்பதைக் காட்டிய வாரம் அது. அந்த வீட்டில் தகப்பன் வாயால் சொன்னால் போதும், எழுதி வாங்கும் வழக்கம் இல்லை.

“நான் அப்படி எதுவும் சொல்லல” என்றார் ஹால்வார்.

யூஸ்டைன் சாம்பல் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவன் போன பிறகு குன்வோர் விசிறியை ஒவ்வொரு பட்டையாக மடித்தாள்.

“அன்னைக்கே உன்ன அம்மாகிட்ட அடி வாங்க விட்டிருக்கணும்” என்றாள். ப்ரெண்டல் அம்மையாருக்கு அதுவும் புரியவில்லை. அவர் கருவியைப் பையில் வைத்துக்கொண்டு படகுக்குக் கிளம்பினார்.

பிரேமன் கைவிட்டதும் மற்றவர்களும் கைவிட்டார்கள். வசந்தம் பிறப்பதற்குள் கூண்டுகள் தெற்கிலிருந்து வந்த பெரிய நிறுவனத்துக்குப் போயின. அவர்கள் சாம்பல் அறையை இடித்துப் படகுக்கு எண்ணெய் வைக்கிற கொட்டகையாக்கினார்கள். யூஸ்டைன் தீவைவிட்டுப் போனான். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, தொலைபேசியில் கூப்பிடவும் இல்லை. குன்வோர் கரைக்குப் போய்க் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக வெள்ளையடித்தவனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டாள். தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஹால்வார் இப்போது மீனைக் கடையில்தான் வாங்குகிறார். எந்தத் துண்டு வேண்டும் என்று கடைப்பெண் கேட்கும்போது, எதுவாக இருந்தாலும் சரி என்கிறார். பின்னால் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்தி, அவர் வெளியே போகும்வரை காத்திருக்கிறார்கள். மகனைப் பற்றி அவர்கள் பேசுவது அவர் காதில் விழாமல் இல்லை. திரும்பி நின்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் அந்த வார்த்தை தொண்டைவரை வருகிறது.

யூஸ்டைன் நிறமியைத் தீனியில் போடாமல் வெளியில் விற்றுக் காசு பார்த்தான் என்று தீவில் சொல்கிறார்கள். அவன் எதையும் விற்கவில்லை. தகப்பன் குறைக்கச் சொன்னார், குறைத்தான்.