பெண் வீட்டுப் பாய்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரும்பு விளையும் அந்தத் தீவின் ட்ராசா ஊரில், சிவன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். வாசலை ஒட்டிய சாய்வு நாற்காலியில் வீரசாமி மாமா. அவருக்குக் கண் மங்கல், காது மட்டும் கத்தி. யாங்கோனா என்ற வேர்ப்பானம் இருந்த தொட்டிக்குப் பக்கத்தில், அதைக் கலக்கிய கையைத் துடைத்துக்கொண்டு, சிவனின் பெரியப்பா மகன் நாகையா. ஜன்னல் கட்டையில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நாகையாவின் மகள் ஷமிதா. கிழக்குப் பக்கப் பாயில், அதாவது மாப்பிள்ளை வீட்டுப் பாயில், சிவன். அவனுக்கு முன்னால் முக்காலியில் கேசட் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் குட்டை ஸ்டூலில், பொத்தான்மேல் விரலை வைத்தபடி, அவன் பெண்டாட்டி உர்மிளா.

மேற்குப் பக்கம் இன்னொரு பாய் விரித்திருந்தது. அது பெண் வீட்டுப் பாய். அதில் யாரும் இல்லை. உட்கார வேண்டியவள் சிட்னியில் இருந்தாள்.

அவள் மோகினி, வீரசாமி மாமாவின் மகள். அவளுடைய கடிதம் போன வாரம் வந்தது. வீரசாமி மாமாவுக்குப் படிக்கக் கண் இல்லை, சிவனுக்குத் தமிழ் எழுத்து வராது. ஆகவே வழக்கம்போல உர்மிளாதான் படித்தாள். ராக்கிராக்கிப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் படித்தவள் அவள். ஊர், தேதி, நலம், விஷயம், முடிவு என்று வரிசை தப்பாமல் எழுதுவாள். பிறர் கடிதத்தையும் அதே வரிசையில்தான் படிப்பாள். மோகினி வரிசையே இல்லாமல் எழுதியிருந்தாள். எடுத்த எடுப்பில் விஷயம். அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் பிடித்தாயிற்று. கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் எதிரெதிர்ப் பாயில் உட்கார்ந்து கேள்வியும் பதிலுமாகப் பாடும் ஓடப்பாட்டில் பெண் வீட்டுப் பதிலைத் தான் பாடிவிடுவாள், மாப்பிள்ளை வீட்டுக் கேள்வி பாடத்தான் அந்த ஊரில் ஆள் இல்லை. 'சிவனைக் கேசட்டில் பாடி அனுப்பச் சொல்லுங்கள், அப்பா. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் நான் பதில் பாட இடம் விட வேண்டும். எவ்வளவு இடம் என்று அவனுக்குத் தெரியும்.'

அவனுக்குத் தெரியும் என்ற இடத்தில் உர்மிளாவின் வாசிப்பு நின்றுபோனது. அடுத்த வரியைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமானது.

ஏனென்றால் அது அவளுக்கும் தெரியும். நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கரும்பு வெட்டும் கத்தியைத் தீட்டும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, சிவன் அந்தப் பாட்டை முனகுவான். ஒரு வரி பாடுவான், நிறுத்துவான். அப்புறம் அடுத்த வரி. மூச்சு வாங்குகிறான் என்று நினைத்திருந்தாள். பாதி வார்த்தை மறந்துவிட்டது போலும் என்றுகூட நினைத்தாள். கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்த நிறுத்தத்துக்கு ஓர் ஆள் இருப்பது தெரிந்தது. தன் வீட்டு முற்றத்தில், தன் மாட்டுக் கொட்டகையில், நாள் தவறாமல் ஒருத்திக்கு இடம் விட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"இப்ப ஆரம்பிக்கட்டுமா?" என்றாள்.

"இரு புள்ள. தொண்ட நனையட்டும்" என்றார் நாகையா. யாங்கோனா மொண்ட தேங்காய்ச் சிரட்டையை நீட்டினார். சிவன் வழக்கப்படி கையை ஒரு தட்டுத் தட்டி வாங்கி, ஒரே மடக்கில் குடித்து, முடித்ததற்கு மூன்று தட்டுத் தட்டினான். நாகையாவுக்கு அதற்குள் பழைய கதை வந்துவிட்டது. "மோகினி கல்யாணம் ஞாபகம் இருக்கா மாமா? மாப்ள ஊட்டுக்காரங்க வோட்டுவாலேவுலேர்ந்து ரெண்டு பஸ்ஸுல வந்தாங்க. என்னா மழை! பந்தல் ஒரு பக்கமா சாஞ்சி போச்சி."

"பந்தக்கால நாலு பேரு புடிச்சிக்கிட்டு நின்னோம்" என்றார் வீரசாமி மாமா. "மாப்ள ஊட்டுக்குப் பாட ஆளில்ல. நம்ம சிவன் அந்தப் பக்கம் போயி ஒக்காந்தான்."

"கேள்விய இவன் கேட்டுட்டான். பதிலு பாட இந்தப் பக்கம் ஒருத்தருக்கும் தெரியல. எப்பவும் பாடுறவ மணையில இருக்கா! எல்லாரும் முழிக்கிறோம். அப்பத்தான்..." நாகையா தொடையைத் தட்டினார். "கழுத்துல தாலியோட, தலயக் குனிஞ்சபடியே, மோகினி எடுத்தா பாரு! கல்யாணப் பொண்ணே பதிலு பாடி எங்கயாவது கேட்டிருக்கியா? மாப்ள மொகத்தப் பாக்கணுமே. அரே, ட்ராசா பூரா அதுக்கு முன்னாடி என்ன நெனச்சிக்கிட்டு இருந்துச்சின்னா..."

"நாகையா" என்றார் வீரசாமி மாமா.

"சும்மா சொன்னேன் மாமா."

உர்மிளா சிவனைப் பார்த்தாள். அவன் தொட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஆறு வருஷத்துக்கு முந்தைய மழை அவன் முகத்தில் அப்போதுதான் பெய்ததுபோல ஒரு பளபளப்பு. அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் அவனுடைய காய்ச்சல் முகம், கோப முகம், மில்லிலிருந்து காசு வரும் நாள் முகம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் கல்யாணத்துக்குப் பாட்டே கிடையாது. இரண்டாவது தடவை ராணுவம் ஆட்சியைப் பிடித்த மாதம் அது. கூட்டம் கூடப் போலீசில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஒலிபெருக்கி கூடாது, இருட்டுமுன் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும். ராக்கிராக்கியில் அவள் அப்பா ஐயரை அவசரப்படுத்தினார். தாலி ஏறியதும் இலை போட்டார்கள். கிழக்கே பாய் விரிக்கவில்லை, மேற்கேயும் விரிக்கவில்லை. அவளைப் பார்த்து ஓடப்பாட்டுக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

"சரி, பாடுங்க" என்றாள். இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினாள்.

சிவன் கண்ணை மூடினான்.

*அக்கரையில் நிக்கிறது ஆரு புள்ளே ஆரு?*

நிறுத்தினான். காலியான பாயின் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தான். உதடு லேசாக அசைந்தது. பதிலை அவன் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தான்.

உர்மிளாவின் விரல் தானாக நகர்ந்து, நாடாவை நடுவில் நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தானை அமுக்கியது. நாடா நின்றது. அவன் அடுத்த கேள்விக்கு மூச்சை இழுத்ததும் விரலை எடுத்தாள். நாடா ஓடியது. கடைசிவரை அப்படியே செய்தாள். அவன் இடம் விட்டபோதெல்லாம் அவள் அடைத்தாள். ஓரிடத்திலும் பிசகவில்லை. எவ்வளவு இடம் என்று அவளுக்கும்தான் தெரியுமே.

"போட்டுக் காட்டு" என்றார் வீரசாமி மாமா.

போட்டாள். *அக்கரையில் நிக்கிறது ஆரு புள்ளே ஆரு? மடியில் என்ன கட்டிவச்சே, மறைக்கிறது ஏனோ? ஓடம் ஒண்ணு கொண்டாந்தேன், ஏறுவியா மானே?* ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு மூன்று கேள்வியும் ஓடி வந்து விழுந்தன.

நாகையா சிரித்த சிரிப்பில் சிரட்டை உருண்டது. "என்னா சிவா, மாப்ளைக்கு இவ்ளோ அவசரமா? பொண்ணு வாயே தொறக்கல, தூக்கி ஓடத்துல போட்டுட்ட!"

"பொட்டி கெட்டுப்போச்சா?" என்றார் வீரசாமி மாமா.

சிவன் பெட்டியைப் பார்த்தான். பொத்தானைப் பார்த்தான். அதன் மேல் இன்னும் இருந்த விரலைப் பார்த்தான். "பொட்டி நல்லாத்தான் இருக்கு மாமா" என்று எழுந்தான். "உர்மி, கொஞ்சம் டீ போடு, வா."

சமையல்கட்டில் அவன் கதவை ஒருக்களித்தான். "ஏன் புள்ள?"

"உங்களுக்கு என் கல்யாணம் ஞாபகம் இருக்கா?"

"நம்ம கல்யாணம்."

"அதான். அதுல கேள்வி கேட்டது யாரு?"

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. "கர்ஃப்யூ, உர்மி. ஒனக்குத் தெரியாதா? போலீசு வாசல்ல நின்னானே."

"அன்னைக்கிக் கர்ஃப்யூ, தெரியும். நாலு வருஷமாவா கர்ஃப்யூ?"

அவன் அடுப்பின் பக்கம் திரும்பினான். அடுப்பில் தண்ணீர் சலசலத்தது. "நான் பாட்டுக்குப் பாடுறேன். பழக்கம். யாரையும் நெனச்சிக்கிட்டு இல்ல" என்றான். நம்பலாம் போலவும் இருந்தது, நம்ப முடியாமலும் இருந்தது. அந்த மழை முகத்தை அவள் இப்போதுதானே பார்த்தாள்.

"யாரையும் நெனக்காமலா அவ்ளோ சரியா நிறுத்துறீங்க?"

அவன் டீத்தூள் டப்பாவை எடுத்துக் கொடுத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "என்னெத் திட்டு. மோகினியக்கூடத் திட்டு. ஆனா அங்க கல்யாணம் அவளுக்கில்ல. இன்னொரு பொண்ணுக்கு. நம்மள மாதிரி ஊர உட்டுப் போன எடத்துல ஒரு பொண்ணு மணையில ஒக்காந்திருக்கும். அதெயும் யாரும் கேக்காம உட்டுடலாமா?"

அது எங்கே தைக்குமோ அங்கே தைத்தது. அவன் தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. டீயை வடிகட்டினாள். அவன் டம்ளரில் மட்டும் சர்க்கரை போடவில்லை.

கூடத்துக்குத் திரும்பி நாடாவை முதலுக்கு ஓட்டினாள். பழையதை அழித்துக்கொண்டு புதிது பதியும். பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

*அக்கரையில் நிக்கிறது ஆரு புள்ளே ஆரு?*

இடம். நாடா ஓடியது. தூரத்தில் கரும்பு ரயில் ஊதியது. அந்த இடத்துக்குள் மோகினி வந்து உட்காருவதை உர்மிளா பார்த்தாள். பட்டுப் புடவை, சிட்னி மண்டபம், ஒலிபெருக்கியில் சிவன் குரல், எதிரே தலை நிமிர்ந்து மோகினி: *ஆத்துத் தண்ணி வடியட்டும், அப்ப வந்து பாரு.* சனங்கள் கை தட்டுவார்கள். யார் அந்தக் குரல் என்று யாராவது கேட்பார்கள். மோகினி என்ன சொல்வாள்?

*மடியில் என்ன கட்டிவச்சே, மறைக்கிறது ஏனோ?*

இடம். *மாமியாரு வெத்தலைய மச்சானுக்குத் தருவேனோ?* அதையும் மோகினி பாடிக்கொள்ளட்டும். உர்மிளா பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் விட்டுக்கொடுத்தாள். வெற்றிலைதானே.

*ஓடம் ஒண்ணு கொண்டாந்தேன், ஏறுவியா மானே?*

சிவன் நிறுத்தினான். பழக்கத்தில் முகம் மேற்குப் பாய்ப் பக்கம் திரும்பியது. அங்கே உர்மிளா உட்கார்ந்துகொண்டிருந்தாள். ஸ்டூலை விட்டு எப்போது எழுந்தாள், கூடத்தை எப்படிக் கடந்தாள் என்று அவளையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவனைப் பார்க்காமல், பாயின் ஓரத்தைப் பார்த்துப் பாடினாள்:

*ஓட்டையின்னா தண்ணி மொள்ள நானிருக்கேன் தானே.*

நல்ல குரல் என்று சொல்ல முடியாது. 'தானே' மேலே ஏறாமல் பாதியில் உடைந்தது. ஷமிதா வாயைப் பொத்திக்கொண்டு, "அரே, சாச்சி!" என்றாள். சித்தியை அவள் இந்தியில்தான் கூப்பிடுவாள். நாகையா குடித்து முடித்த சிரட்டையைக் கீழே வைத்து, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், மூன்று தட்டுத் தட்டினார். அதுவும் நாடாவில் ஏறியது.

வீரசாமி மாமா நாற்காலியில் நிமிர்ந்தார். கல்யாண வீட்டில் கடைசியாகச் சொல்வதைச் சொன்னார்: "பொண்ணு ஊட்டு பதிலு வந்துடுச்சி. பந்தி போடுங்க." பிறகு, "யாரும்மா அது பாடுனது?"

"எம் பொண்டாட்டி மாமா" என்றான் சிவன்.

அவன் முகத்தை அவள் அப்போது பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. பெட்டியை நிறுத்தப் போய்விட்டாள்.

எல்லாரும் போன பிறகு சிவன் கேசட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கடைசி பதில அழிச்சிட்டு இன்னொரு தரம் எடுக்கலாமா? அங்க மோகினி பாடணுமே."

"திரும்பத் திரும்ப எடுத்தா நாடா தேஞ்சி போவும்."

"ஒரு தரத்துலயா?"

"தேஞ்சி போவும்" என்றாள்.

அவன் சிரித்தான். இந்தத் தடவை தொட்டியைப் பார்த்தல்ல. கேசட்டை அவள் கையில் கொடுத்தான்.

அவள் மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். ஊர், தேதி. வீரசாமி மாமாவின் உடல்நலம், கண், கரும்பு வெட்டு, மழை. பிறகு விஷயம்:

'தாங்கள் கேட்ட பாட்டு இத்துடன் வருகிறது. மாப்பிள்ளை வீட்டுக் கேள்வி மூன்றும் பாடியவர் என் கணவர். முதல் இரண்டு பதிலுக்கும் தாங்கள் கேட்டபடி இடம் விட்டிருக்கிறது, குறையாது. மூன்றாவது பதில் மட்டும் எங்கள் வீட்டிலேயே சொல்லியாகிவிட்டது. அந்த இடத்தில் தாங்கள் சிரமப்பட வேண்டாம். மணப்பெண்ணுக்கு எங்கள் ஆசீர்வாதம். கேட்க ஆளில்லாமல் ஒரு கல்யாணமும் நடக்கக் கூடாது.'

கடைசி வரியை எழுதியதும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆனாலும் அடிக்கவில்லை. கீழே, 'இப்படிக்கு, உர்மிளா சிவன்' என்று எழுதினாள். எப்போதும் வெறும் உர்மிளா என்றுதான் எழுதுவாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் லவுட்டோக்கா போனாள். தபாலாபீஸ் பலகையில் கடிதத்தையும் கேசட்டையும் ஒரே உறையில் போட்டு, விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டி, அதன்மேல் ஒட்டுத்தாளும் ஒட்டினாள். உள்ளே இருந்தவன் எடை பார்த்து, தபால்தலை ஒட்டி, முத்திரை குத்தி, பின்னால் இருந்த ஆஸ்திரேலியாப் பையை நோக்கி வீசினான். உறை பையின் விளிம்பில் பட்டு ஒரு கணம் தயங்கியது. அது உள்ளே விழும்வரை உர்மிளா ஜன்னலை விட்டு நகரவில்லை.